ஹெட்லைட் உள்ளே கறுப்பு: என் அனுபவம்

ஹெட்லைட்டின் உள்ளே கறுப்பு பெயின்ட் அடிக்கும்போது, பல்பின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் கிண்ணத்தில் பெயின்ட் படவே கூடாது. அது கறுத்தால் ராத்திரியில் சாலை தெரியாது. அடிக்க வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் குரோம் பட்டை மட்டும்.

முதலில் பல்பு, ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 100 டிகிரி சூட்டில் ஓவனில் பத்து நிமிடம் வைத்தால், கண்ணாடியை ஒட்டியிருக்கும் பியூட்டில் என்ற ரப்பர் பசை இளகும். கண்ணாடியை மெதுவாகப் பிரிக்கலாம். பெர்மாசீல் என்ற நிரந்தரப் பசையால் ஒட்டிய லைட் இப்படி இளகாது, விட்டுவிடுங்கள்.

எக்ஸாஸ்டுக்கு அடிக்கும், சூடு தாங்கும் ஹை டெம்ப் பெயின்ட்தான் சரி என்று பலர் வாங்குகிறார்கள். வேண்டாம். அது முழுசாக இறுக 150 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பிளாஸ்டிக் அதற்குள் வளைந்துவிடும். சாதாரண அக்ரிலிக் சாட்டின் பிளாக் (பாதி மினுமினுப்புள்ள கறுப்பு) ஸ்ப்ரே போதும். பளபளக்கும் குளாஸ் பிளாக்கில் ஒவ்வொரு தூசியும் தெரியும்.

குரோம் மேல் நேராக அடித்தால் பட்டை பட்டையாக உரியும். 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, மினுமினுப்பு போய் மங்கும்வரை தேய்க்கணும். சோப்பில் கழுவி, காய்ந்ததும் பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கை. பிறகு 25 செ.மீ. தள்ளி நின்று மெல்லிசாக மூன்று கோட், நடுவில் பத்துப் பத்து நிமிடம்.

அவசரம்தான் இங்கே எதிரி. தின்னர் ஆவி முழுசாகப் போகாமல் மூடினால், லைட் சூடானதும் கண்ணாடியின் உள்பக்கம் பால் போல் படலம் படியும். மறுபடி பிரிக்க வேண்டியதுதான். குறைந்தது மூன்று நாள் காயவிடுங்கள். மூக்கருகே வைத்தால் வாசனையே வரக் கூடாது. அதன்பின் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புது பியூட்டில் வைத்து மூடலாம். பின்னாலுள்ள காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.