வீட்டில் படுத்திருப்பவரை எப்போது கேஷுவாலிட்டிக்குக் கொண்டுபோவது?

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவையோ, யூரின் டியூபோடு டிஸ்சார்ஜ் ஆகி வந்த மாமியாரையோ பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பகலில் நர்ஸ் வருகிறார், பிசியோ வருகிறார், மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகூட வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஆனால் பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவில் பாதியைப் பகலிலேயே எடுத்து வையுங்கள்.

யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டியவை முதலில். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை திடீரென்று தூக்க முடியாமல் போவது, நெஞ்சுவலி, பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குவது, எழுப்பினால் எழாதது, நிற்காத வலிப்பு, நிற்காத ரத்தம். பக்கவாதம் மாதிரி தெரிந்தால் அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும், அதனால் ஸ்கேன் வசதி இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கீழே விழுந்தவருக்கு ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், ஆள் நன்றாகப் பேசினாலும் உடனே கிளம்புங்கள்.

அடுத்தது யூரின் டியூப். பேக்கில் யூரின் இறங்கவில்லை என்றால் பதறாமல் டியூபைக் கையால் தடவிக்கொண்டே போங்கள்: தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா, கட்டில் கம்பியில் சிக்கியிருக்கிறதா, பேக் நிரம்பிவிட்டதா, பேக்கை யாராவது இடுப்புக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்களா? மலச்சிக்கல் இருந்தாலும் யூரின் சரியாக இறங்காது. இதையெல்லாம் சரிசெய்தும் இறங்காமல் அடிவயிறு உப்பி வலித்தால், அல்லது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே டியூபை இழுத்து எடுக்கவும் கூடாது, உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது. டியூப் மாற்ற வேண்டிய தேதி தீபாவளி, பொங்கல் லீவில் விழுந்தால் லீவுக்கு முன்னாலேயே மாற்றித்தர முடியுமா என்று நர்ஸிடம் கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு கொடுக்க மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூப் உருவிக்கொண்டு வந்தால் திரும்பச் செருகாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடலாம். பாதி வந்திருந்தாலும் கஞ்சி ஊற்றக் கூடாது. ஆள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் காலையில் நர்ஸ் வந்து போட்டுக்கொள்ளலாம், ஆனால் இன்சுலின் போட்டிருந்தாலோ வலிப்பு மாத்திரை தவறினாலோ அப்போதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வயிற்றில் வைத்த பெக் டியூப் அப்படி இல்லை, வெளியே வந்தால் சில மணி நேரத்தில் அந்த வழி மூடத் தொடங்கிவிடும், உடனே கிளம்ப வேண்டும்.

சுகர் 70-க்குக் கீழே போய், விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஏறிய சுகர் மறுபடி இறங்கலாம், கிட்னி பிரச்சினையும் இருந்தால் இன்னும் அதிகம். ஒருமுறை ஏறிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விட வேண்டாம்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது சத்தமில்லாமல் வரும் கோளாறுகள்தான். வயதானவர்களுக்குக் கிருமித்தொற்று காய்ச்சலே இல்லாமலும் வரலாம். நேற்று காபி கேட்டவர் இன்று தூங்கிக்கொண்டே இருக்கிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், மூச்சு வேகமாக இருக்கிறது, யூரின் குறைந்திருக்கிறது என்றால் “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று விடாதீர்கள். இதய பலவீனம் உள்ளவர் எடை இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றைக்கே டாக்டரிடம் சொன்னால், பலருக்கு மாத்திரையை மாற்றியே சமாளித்துவிடலாம்.

தேவையில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நல்லதில்லை. ஸ்ட்ரெச்சரில் மணிக்கணக்காகக் கிடந்தால் படுக்கைப் புண் மோசமாகும், மறதி நோய் உள்ளவர் இன்னும் குழம்பிப்போவார். அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 104 இருக்கிறது. நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியிடம் ராத்திரி யார் போன் எடுப்பார்கள் என்று முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம் ஒரு தாள். வியாதிகள், மாத்திரைகளும் அளவும், அலர்ஜி, டியூப் மாற்றிய தேதி, முக்கியமாக அவர் சாதாரணமாக எப்படி இருப்பார் என்பது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் பேசுவதே இல்லை என்பது கேஷுவாலிட்டி டாக்டருக்கு எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே கவரில் வையுங்கள்.

முற்றிய புற்றுநோய் போன்ற நிலையில் இருப்பவரிடம், அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே, ஐசியூ வேண்டுமா, வென்டிலேட்டர் வேண்டுமா, வீட்டிலேயே வலியில்லாமல் இருக்க விரும்புகிறாரா என்று கேளுங்கள். கேட்பது கஷ்டம்தான். கேட்டதை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை உட்பட எல்லாரிடமும் சொல்லி, வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் வீட்டில் என்ன மருந்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.