மிச்சத் துணியில் பைப்பிங் பட்டி: சிறிய தையற்கடைகளுக்கு ஒரு செய்முறை

ரவிக்கை தைக்கும் கடைகளில் வெட்டுமேசைக்கு அடியில் துண்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிடுகிறது. பொம்மை செய்யலாம், மிதியடி செய்யலாம் என்று பலரும் யோசனை சொல்வார்கள். அதற்கெல்லாம் தனி உழைப்பும் தனி வாடிக்கையாளரும் வேண்டும். தையற்கடைக்குக் கைமேல் பலன் தருவது பைப்பிங்தான், அதாவது உள்ளே கயிறு வைத்து ஓரத்தில் தைக்கும் துணிப் பட்டி. கழுத்தோரத்துக்குப் பொருத்தமான நிறம் தேடிக் கால் மீட்டர் துணி வாங்கும் செலவு நின்றுவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் கொடுத்த துணியில் மிஞ்சுவதும் அவருடையதே. "மிச்சத் துணி வேண்டுமா?" என்று அளவெடுக்கும்போதே கேட்டு ரசீதில் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றவர்களின் துணியை மட்டும் எடுங்கள்.

1. பிரித்தல். பட்டு தனி, பருத்தி தனி. பிறகு நிறவாரியாக. ஜரிகை ஓடும் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். அது கழுத்தில் உறுத்தும்.

2. கஞ்சி. பட்டும் சாட்டினும் கத்தரிக்கோலுக்கு அடியில் நழுவும். லேசாகக் கஞ்சி தெளித்து அயர்ன் செய்த பிறகே வெட்டுங்கள்.

3. வெட்டுதல். 12 அங்குலச் சதுரம் ஒன்றை எடுத்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு இணையாக, ஒன்றேகால் அங்குல இடைவெளியில் இருபுறமும் கோடுகள் வரைந்து வெட்டுங்கள். இணைத்து முடித்தால் ஏறக்குறைய 100 அங்குலப் பட்டி கிடைக்கும். ஒரு ரவிக்கையின் கழுத்துக்கும் கைகளுக்கும் தாராளம். இதற்கு உருட்டி வெட்டும் கத்தியும் (ரோட்டரி கட்டர்) இரும்பு ஸ்கேலும்தான் என் தேர்வு. கத்தரிக்கோல் துணியைத் தூக்குவதால் கிராஸ் (மூலைவாட்டில் சாய்த்து வெட்டும் வெட்டு) கெடுகிறது.

4. இணைத்தல். பலர் கைவிடும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

வெட்டிய ஒவ்வொரு பட்டிக்கும் ஓர் ஓரம் நீளமாகவும் எதிர் ஓரம் குட்டையாகவும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக வைத்து இணைத்தால் முனைகள் சேராது. முதல் பட்டியின் நீள ஓரம் உங்கள் பக்கம் இருந்தால், அடுத்த பட்டியைச் சுற்றித் திருப்பி, அதன் நீள ஓரம் எதிர்ப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். துணியைக் குப்புறப் புரட்ட வேண்டாம். இப்போது இரண்டு முனைகளும் ஒரே சாய்வில் நிற்கும்.

இனி நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி சாய்ந்த ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துங்கள். பட்டிகள் இரண்டும் செங்கோணமாக நிற்கும். கூர்முனைகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தக் கூடாது. இரு பக்கமும் சிறிய காது போல வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காதும் பட்டியும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் தெரியும். கால் அங்குலம் உள்ளே தைக்கும்போது, தையல் ஒரு பள்ளத்தில் தொடங்கி மறு பள்ளத்தில் முடிய வேண்டும். அப்படி அமைந்தால் பட்டி படியில்லாமல் நேராக ஓடும்.

தையலை விரித்து அயர்ன் செய்யுங்கள். பெட்டியை மேலிருந்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்து இழுத்தால் கிராஸ் துணி நீண்டுவிடும். பிறகு காதுகளை வெட்டிவிடுங்கள்.

5. கயிறு. பருத்திக் கயிறுதான் கழுத்தில் மென்மையாகப் படியும். அது சுருங்கும் என்பதால், வெந்நீரில் நனைத்துக் காயவைத்த பிறகே பட்டிக்குள் வைத்துத் தையுங்கள். பைப்பிங் ஃபுட் (மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும், கயிற்றுக்குப் பள்ளமுள்ள பாகம்) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்; சாதாரண ஃபுட்டில் தையல் கயிற்றை ஒட்டி வராது.

பின்சேர்க்கை: வெள்ளை ரவிக்கையில் மெரூன் பைப்பிங் வைத்ததும் முதல் சலவையிலேயே சாயம் இறங்கிவிட்டதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அடர்நிறத் துண்டு எதுவானாலும், ஈர வெள்ளைத் துணிக்கு இடையில் வைத்து அயர்ன் செய்து பாருங்கள். கறை பட்டால் அந்தத் துண்டை அடர்நிற ரவிக்கைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டிக்குப் போதாத பொடித் துண்டுகளையும் வீசாதீர்கள். இன்னும் பொடியாக நறுக்கினால், பொட்லி பட்டனுக்குள் (துணியில் செய்யும் உருண்டைப் பட்டன்) பஞ்சுக்குப் பதிலாக அடைக்கலாம்.