பூங்கா அருங்காட்சியகத்தில் ஒரு பருவம்: ஆர்.வி. பயணிகளுக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் உள்ள சிறு அருங்காட்சியகங்கள் பல, ஊதியம் பெறும் பணியாளர்களை மட்டும் நம்பி இயங்குவதில்லை. ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் நாடு சுற்றும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதியர், ஓரிரு மாதங்கள் அங்கேயே தங்கி, காலையில் கதவைத் திறந்து, வருவோரை வரவேற்று, காட்சிப் பொருள்களை விளக்குகிறார்கள். அதற்கு ஈடாக மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுடன் வண்டி நிறுத்தும் இடத்தைப் பூங்கா வாடகையின்றித் தருகிறது. வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேர வேலை என்பது பரவலான வழக்கம். எஞ்சிய நாட்களில் சுற்றுவட்டாரத்தைப் பார்க்கலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் முதலில் இயற்கைக் காட்சியையும் நிறுத்துமிடத்தின் வசதியையும் பார்க்கிறார்கள். அந்த அருங்காட்சியகம் சொல்லும் கதையை முதலில் பாருங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. ஒரே கதையை நாள்தோறும், புதுப்புது முகங்களிடம் சொல்லப்போகிறீர்கள். அதில் உங்களுக்கே ஈடுபாடு இல்லையென்றால் மூன்றாம் வாரத்திலேயே குரல் தளர்ந்துவிடும்.

ஆரிகன் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவை எடுத்துக்கொள்வோம். கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தைக் காக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் கட்டப்பட்ட கோட்டை அது. இன்று பெரிய முகாம் மைதானமும் ராணுவ அருங்காட்சியகமும் அங்கே உள்ளன. 1942 ஜூன் 21 இரவில் ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அதன்மீது 17 குண்டுகளை வீசியது. பீரங்கிகள் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று கோட்டைத் தலைவர் திருப்பிச் சுட அனுமதி மறுத்தார். உயிரிழப்பு எதுவும் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய செய்தியைக் கேட்டு வளர்ந்த ஒரு தமிழருக்கு, ஆளரவமற்ற இருளில் கடலிலிருந்து குண்டு வந்து விழுவது எத்தகைய அச்சம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படி உங்கள் நினைவோடு எங்கேயாவது தொடுக்கும் கதையுள்ள இடத்தைத் தேடுங்கள்.

தேசியப் பூங்காக்களை நடத்துவது போன்ற கூட்டரசு (மத்திய அரசு) அமைப்புகளின் வாய்ப்புகள் வாலண்டியர்.கவ் (volunteer.gov) தளத்தில் வெளியாகின்றன; மாநிலப் பூங்காக்களுக்கு அந்தந்த மாநிலத்தின் பூங்காத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெயர்பெற்ற இடங்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. பின்னணிச் சோதனை இருக்கும். கூட்டரசு அமைப்புகளில் 250 மணி நேரம் பணியாற்றினால் கூட்டரசுப் பூங்காக்களுக்கு ஓராண்டுக்கான நுழைவு அட்டை கிடைக்கும். மாநிலப் பூங்காவில் உழைத்த நேரம் அதில் சேராது. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர், இலவச இடமும் ஒருவகை ஊதியமாகக் கருதப்படக்கூடும் என்பதால், பூங்கா நிர்வாகத்திடமும் குடிவரவுச் சட்டம் அறிந்தவரிடமும் முன்னதாகக் கேட்டுத் தெளிவு பெறாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

நேர்காணலின்போது நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். வண்டியின் நீளத்துக்கு வரம்பு உண்டா, வேலை நேரம் தலைக்கு இவ்வளவா தம்பதிக்குச் சேர்த்து இவ்வளவா, விடுப்பு நாட்கள் தொடர்ச்சியாக வருமா, சமையல் எரிவாயு யார் செலவு, கைபேசி சமிக்ஞை கிடைக்குமா, அருங்காட்சியக வேலையோடு கழிப்பறை சுத்தம் செய்வதும் சேருமா என்பனவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும் வண்டிக்கு, நெடுஞ்சாலைப் பயணத்தில் தேவைப்படாத சில பழக்கங்கள் தேவை. மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: முன்னது சுமார் 3,600 வாட், பின்னது 12,000 வாட் வரை தாங்கும். 30 ஆம்பியரில் ஏ.சி.யும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினாலே எல்லை நெருங்கிவிடும் என்பதால், மாவரைக்கும் நேரத்தைக்கூட யோசித்துத்தான் வைக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டர் இங்கே நேரடியாக ஓடாது. மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் கருவி, நீரழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, குடிநீருக்கென்றே தனிக் குழாய் மூன்றும் கட்டாயம்.

கழிவுநீர் இணைப்பு எப்போதும் மாட்டியிருக்கிறதே என்று கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடக் கூடாது. நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் தங்கி இறுகிவிடும். தொட்டி பெருமளவு நிரம்பும்வரை மூடிவைத்து, முதலில் அதைத் திறந்துவிட்டு, பின்னர் குளியல், சமையல் நீர்த் தொட்டியைத் திறந்தால், அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். ஆரிகன் கடற்கரையில் குளிர்காலப் பொறுப்பை ஏற்பவர்களுக்கு மழையே முக்கியப் பிரச்சினை: ஈரத்தை உறிஞ்சும் கருவி இல்லையென்றால் மெத்தைக்கடியில் பூஞ்சை பிடித்துவிடும்.

அருங்காட்சியகத்தில் முதல் வாரம் முழுவதும் கேளுங்கள், படியுங்கள். ஐந்தாறு ஆண்டுகளும் பெயர்களும் நினைவில் நின்றால் போதும். விளக்க அட்டையில் உள்ளதை அப்படியே ஒப்பிக்க வேண்டாம். உள்ளே வருபவரை ஓரிரு நிமிடம் அவர் போக்கில் விட்டு, எந்தப் பொருளின் முன் நிற்கிறார் என்று பார்த்து, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். முன்னாள் ராணுவத்தினர் வந்தால் நீங்கள் கேட்பவராக மாறிவிடுவது மேல். அவர்கள் சொல்வதில் குறிப்பெடுக்கத் தக்கவை உண்டு. பதில் தெரியாத கேள்விக்கு, தெரியவில்லை என்று சொல்லி, கேட்டவரின் முகவரியை வாங்கிக்கொண்டு பூங்கா அலுவலரிடம் விசாரித்து எழுதுங்கள். ஊகத்தை வரலாறாகச் சொன்னால், கேட்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கும் சொல்வார்.

காட்சிப் பொருளைத் தொட்டுக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். விரலின் எண்ணெயும் உப்பும் பித்தளையை அரிக்கும் என்பதால், தொடுவதற்கென்று ஒதுக்கிய பொருள்களைத் தவிர வேறு எதையும் கையால் எடுக்காதீர்கள்.

அடுத்த ஆண்டும் வர விரும்பினால் கடைசி வாரம்வரை காத்திராமல் தேதிகளை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவையுங்கள். அடிக்கடி எழுந்த கேள்விகள், பழுதான விளக்கு, ஒட்டிக்கொள்ளும் பூட்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அடுத்து வரும் தன்னார்வலருக்கென்று சாவியோடு சேர்த்து ஒப்படையுங்கள்.