வின்ச் லீவருக்குக் கை போக வேண்டும்: தார் பம்பரில் ஜன்னல் வெட்டிய விதம்

போடியிலிருந்து போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. அதுவரை நல்ல ரோடு. அதைத் தாண்டி எங்கள் ஏலத்தோட்டத்துக்குள் திரும்பும் 3 கிலோமீட்டர் மண்பாதைதான் வண்டியைச் சோதிக்கும். ஜூனில் மழை பிடித்தால் அந்தப் பாதை முழுக்கக் களிமண் குழம்பு. என்னிடம் இருப்பது 2014-ம் வருஷத்து மஹிந்திரா தார் ஜீப், சிஆர்டிஇ டீசல் இன்ஜின், ஃபோர் வீல் டிரைவ். ஆட்களும் உர மூட்டையுமாக ஏற்றினால் இரண்டேகால் டன் பக்கம் வரும். அதில் 9,500 பவுண்டு வின்ச் ஒன்று போட்டிருக்கிறேன்; டிரம்மில் சுற்றிய ரோப்பை மோட்டாரால் இழுத்து, சிக்கிய வண்டியை வெளியே கொண்டுவரும் கருவி அது. ஏற்றிய வண்டியின் எடையைப் போல ஒன்றரை மடங்காவது வின்ச் இழுக்க வேண்டும் என்பது கணக்கு. 9,500 பவுண்டு என்றால் சுமார் 4,300 கிலோ, அந்த வகையில் குறையில்லை.

குறை பம்பரில் இருந்தது. ரெடிமேடாக வாங்கிய ஸ்டீல் பம்பர், வின்ச் முழுக்க உள்ளே மறைந்திருக்கும் மாதிரி. முன்னால் ரோப் வெளியே வரும் வாய் மட்டும் தெரியும். பார்க்க அம்சமாக இருக்கும்.

ஒரு ஆகஸ்ட் சாயங்காலம், காய் எடுத்துவிட்டு ஆறு அக்காக்களோடு இறங்கும்போது, முன் சக்கரம் இரண்டும் ஓடைக்கரைச் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. இருட்ட ஆரம்பித்துவிட்டது. ரோப்பை வெளியே இழுக்க வேண்டுமானால் முதலில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் கிளட்ச் லீவரைத் திருப்பி டிரம்மை விடுவிக்க வேண்டும். லீவர், பம்பர் மேல்தகட்டுக்கும் கிரில்லுக்கும் நடுவில், இரண்டு விரல் மட்டும் போகிற சந்துக்குள் இருந்தது. சேற்றில் மல்லாந்து படுத்து, ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பித் திருப்பினேன். அதற்கே இருபது நிமிஷம். மறுபடி பூட்டும்போது லீவர் முழுதாக உட்கார்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பாதிதான் உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏறியதும் உள்ளே பல் வழுக்குகிற சத்தம், கட கடவென்று. நிறுத்தி, மறுபடி படுத்து, மறுபடி நெம்பி, ஒருவழியாக வெளியே வந்தோம். மறுநாள் பார்த்தால் ஸ்டீல் ரோப் டிரம்மில் ஒரே ஓரமாகக் குவிந்து, குறுக்குக் கம்பியில் உரசி, இழைகள் அறுந்து நின்றன. இழுக்கும்போது டிரம் கண்ணில் பட்டிருந்தால் அது நடந்திருக்காது.

அன்றைக்குப் பிறகுதான் பம்பரை வெட்டுவது என்று முடிவு செய்தேன். மறைவான வின்ச் பம்பர் வைத்திருக்கும் யாருக்கும் மூன்று வழி வேண்டும். லீவருக்குக் கை போக வேண்டும். டிரம்மைக் கண் பார்க்க வேண்டும். வின்ச்சை இயக்கும் ரிமோட்டின் பிளக் செருகும் இடம், குனிந்து தேடாமல் கைக்கு எட்ட வேண்டும். இவை மூன்றும் இல்லாத பம்பரில் எவ்வளவு பெரிய வின்ச் இருந்தாலும் அவசரத்துக்கு உதவாது.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் பாருங்கள். பல வின்சுகளில் கியர் ஹவுசிங்கை, அதாவது பல்சக்கரங்கள் இருக்கும் கூட்டை, திருப்பி வைக்கலாம். என்னுடையதில் ஹவுசிங்கைச் சுற்றி 10 போல்ட். எல்லாவற்றையும் கழற்றி ஒரு துளை நகர்த்தினால் லீவர் 36 டிகிரி திரும்பும். நான் இரண்டு துளை நகர்த்தினேன். கிரில்லைப் பார்த்துக்கொண்டிருந்த லீவர் மேலே, கொஞ்சம் முன்பக்கமாக வந்துவிட்டது. செய்யும்போது ஹவுசிங்கை வெளியே உருவி எடுக்காதீர்கள். சில மில்லிமீட்டர் மட்டும் விலக்கி, அப்படியே சுற்றி, மறுபடி அமுக்குங்கள். உருவினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் கிரீஸோடு மடியில் வந்து விழும். கேஸ்கெட் கிழிந்தால் அதை மாற்றாமல் மூடக் கூடாது, தண்ணீர் இறங்கிவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சில வண்டிகளுக்கு இதுவே போதும், கட்டிங் வீலே தேவைப்படாது. எனக்குப் பாதி வழி கிடைத்தது. லீவர் மேலே வந்தது, ஆனால் அதன் தலைக்கு மேல் 5 எம்எம் தகடு மூடியிருந்தது.

அப்புறம் அளவு எடுத்தேன். இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பழைய உரப்பெட்டி அட்டையை பம்பர் மேல்தகட்டின் அளவுக்கு வெட்டி, மேலே வைத்து டேப் ஒட்டினேன். லீவர் எங்கே இருக்கிறது, பூட்டிய நிலையில் அதன் நுனி எங்கே, விட்ட நிலையில் எங்கே என்று இரண்டையும் அட்டையில் குறித்து, நடுவில் அது சுற்றும் வளைவையும் வரைந்துகொண்டேன். பிறகு தோல் கையுறை போட்ட கையை அட்டையில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தேன். கையுறையோடு என் முஷ்டி 11 சென்டிமீட்டர். வெறும் கை 9 தான். வெறும் கை அளவுக்கு வெட்டியிருந்தால் மழையில் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டியிருக்கும். ஸ்டீல் ரோப் பக்கத்தில் வெறும் கையோடு போவது ஆபத்து. அறுந்த ஒரு இழை உள்ளங்கையில் ஏறினால் போதும். அட்டையில் 13-க்கு 11 சென்டிமீட்டர் ஓட்டை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை கையை விட்டு லீவரைத் திருப்பிப் பார்த்தேன். நாலாவது தடவை மணிக்கட்டு ஓரத்தில் இடித்தது. ஓட்டையை ஒரு சென்டிமீட்டர் டிரைவர் பக்கம் நகர்த்தினேன். அட்டையில் நகர்த்துவதற்குக் காசு இல்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு போடியில் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, தகட்டை வெட்டுறது பத்து நிமிஷம். எங்க வெட்டக்கூடாதுன்னு பார்க்கத்தான் நேரம் ஆகும்" என்றார். சாக்பீஸ் எடுத்து பம்பரில் மூன்று இடத்தைக் கோடு போட்டு மூடினார். வின்ச்சின் நான்கு போல்ட்டும் உட்காரும் அடித்தகடு முதலாவது. அந்த நான்கு துளைகளும் 254-க்கு 114 எம்எம் இடைவெளியில் இருக்கும், இழுக்கிற பாரம் முழுக்க அதில்தான் இறங்குகிறது. அடித்தகட்டை சேஸிஸோடு சேர்க்கிற இரண்டு பக்கத் தகடுகளும் வெல்டும் அடுத்தது. மூன்றாவது, ஃபேர்லீட் (ரோப் வெளியே வரும் வாய்) மாட்டியிருக்கும் முன்முகம். இந்த மூன்றிலும் கிரைண்டர் படக்கூடாது. மேல்தகடு வெறும் மூடி, அதை வெட்டலாம். உங்கள் பம்பரில் மேல்தகடும் பாரம் தாங்குகிற மாதிரி உள்பக்கம் ரிப் வைத்து வெல்டு செய்திருந்தால் வெட்டாதீர்கள். ஹவுசிங்கைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பம்பரை வண்டியில் வைத்தபடி வெட்டவோ வெல்டு செய்யவோ வேண்டாம். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றி, வின்ச் ஒயர்களை எடுத்து, வின்ச்சை இறக்கி, பம்பரையும் தனியாக இறக்குங்கள். சிஆர்டிஇ இன்ஜினில் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இருக்கிறது, வெல்டிங் கரண்ட் அந்தப் பக்கம் போகக் கூடாது. வின்ச் மாட்டியிருக்கும்போது வெல்டு செய்தால் மோட்டார் பேரிங் வழியாகவும் கரண்ட் போகலாம். சிந்தெடிக் ரோப்பாக இருந்தால் கிரைண்டர் பொறி ஒன்று விழுந்தாலே இழை உருகிவிடும். வின்ச் மட்டும் ஏறக்குறைய 40 கிலோ, அதனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

வெட்டும்போது நேராக மூலை வரைக்கும் இழுக்கக் கூடாது. நான்கு மூலையிலும் 20 எம்எம் ஓட்டை போட்டுவிட்டு, ஓட்டைக்கு ஓட்டை மெல்லிய கட்டிங் வீலால் இணைத்தார். கூரான மூலை வைத்தால் வண்டி அதிர அதிர அங்கிருந்துதான் தகடு கீறும். மடிப்பு ஓரத்திலிருந்து 40 எம்எம் உள்ளே தள்ளியே ஜன்னல். வெட்டி முடித்ததும் ஃபிளாப் டிஸ்க் போட்டு ஓரத்தை மழுக்கி, உள்பக்கம் 25-க்கு 6 எம்எம் ஃபிளாட் பட்டையைச் சட்டம் மாதிரி சுற்றி வெல்டு வைத்தார். தகட்டில் எடுத்த பலத்தை அந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும். வெல்டை ஒரே மூச்சில் ஓட்டாமல் எதிரெதிர்ப் பக்கமாக ஒரு விரல் நீளம் வைத்துக்கொண்டே போனார். இல்லையென்றால் 5 எம்எம் தகடும் சூட்டில் வளையும்.

டிரம்மைப் பார்க்க இன்னொரு திறப்பு வேண்டும். டிரம்முக்கு நேர் மேலே 20-க்கு 6 சென்டிமீட்டரில் ஒரு நீள வெட்டு. கை போகாது, கண்ணும் டார்ச் வெளிச்சமும் மட்டும் போகும். வேண்டுமென்றேதான் அந்த அளவு. லீவர் ஜன்னலுக்கு மட்டும் கீல் வைத்த மூடி, விங் நட் போட்டுப் பூட்டுகிற மாதிரி. ஓரம் முழுக்க ரப்பர் பீடிங். பம்பர் அடித்தகட்டின் தாழ்ந்த இடத்தில் 12 எம்எம் ஓட்டை இரண்டு, சேறும் தண்ணீரும் தங்காமல் இறங்குவதற்கு. வெட்டிய ஓரங்களுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன் மேல் கறுப்பு. இந்த மலை ஈரத்தில் பெயின்ட் அடிக்காத தகட்டை ஒரு ராத்திரி விட்டாலே துரு பிடிக்கும்.

நம்பர் பிளேட் ஃபேர்லீட்டை மறைத்துக்கொண்டிருந்தால் அதையும் கவனியுங்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் லாக்கைக் கழற்றினால் மறுபடி போட முடியாது. அதனால் பிளேட்டைத் தொடாதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் பின் பட்டைக்குக் கீல் வைத்து, இழுக்கும்போது மட்டும் மேலே மடங்கும்படி செய்யுங்கள். ஓட்டும்போது முழுதாகத் தெரிய வேண்டும்.

ரிமோட் செருகும் கன்ட்ரோல் பாக்ஸ் முன்பு டிரம்முக்கு மேலேயே இருந்தது, டிரம்மை மறைத்ததும் அதுதான். அதைக் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் காற்றை அடைக்காதபடி ஓரமாக மாற்றினேன். ஒயரை நீட்ட வேண்டி வந்தால் பழைய கனத்துக்குக் குறையாத கேபிள் போடுங்கள். முழு பாரத்தில் இந்த வின்ச் 400 ஆம்பியர் பக்கம் இழுக்கும், மெல்லிய கேபிள் கொதித்துவிடும். தகட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் கட்டாயம். பேட்டரி பக்கத்தில் ஒரு ஐசொலேட்டர் சுவிட்சும் போட்டேன். வின்ச் வேலை இல்லாதபோது அந்த மொத்தக் கேபிளிலும் கரண்ட் இருக்காது.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பக்கம் கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு எதிரானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. பம்பரை மாற்றும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், கம்பெனி பம்பரைக் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள். 2020-ல் வந்த புதுத் தாரில் ஏர்பேக் இருக்கிறது. முன்பக்க இரும்பு மோதலின் அதிர்ச்சி போகும் விதத்தை மாற்றிவிடும். அந்த வண்டிக்கு நான் செய்ததை அப்படியே செய்யாதீர்கள்.

எல்லாம் மாட்டியதும் நேராகச் சேற்றுக்குப் போக வேண்டாம். சமதளத்தில், மரத்துக்குப் பட்டை பெல்ட் சுற்றி, ரோப்பை முழுக்க இழுத்து, டிரம்மில் கடைசிச் சுற்றுகளை மட்டும் விட்டு வைத்தேன். ஸ்டீல் என்றால் 5 சுற்று, சிந்தெடிக் என்றால் 10 சுற்று குறையாமல் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்து, வண்டியைத் தானே இழுக்கவிட்டு, மேல் திறப்பு வழியாகப் பக்கத்துக்குப் பக்கம் ரோப் ஒட்டி உட்காருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். பாரம் இல்லாமல் சுற்றிய ரோப், பிறகு பாரம் ஏறும்போது கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.

இப்போது கை சுலபமாக உள்ளே போகிறது. அதனாலேயே ஒரு பழக்கத்தை எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ரிமோட் பிளக்கைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஜன்னல் மூடியைத் திறக்க வேண்டும். மூடி திறந்திருக்கும்வரை பிளக் செருகக் கூடாது. ரோப்பில் பாரம் இருக்கும்போது லீவரைத் தொடவே கூடாது. மூடியின் உள்பக்கத்தில் மஞ்சள் பெயின்ட்டில் "பிளக் எங்கே?" என்று எழுதியிருக்கிறேன், திறக்கிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பம்பரும் வின்ச்சும் ஏறியதில் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. இந்தத் தாரில் முன்னால் டார்ஷன் பார் என்பதால் அதன் போல்ட்டைத் திருகி உயரத்தைச் சரி செய்து, வீல் அலைன்மென்ட் பார்த்தேன். ஒரு வாரம் தோட்டத்துப் பாதையில் ஓட்டிய பிறகு வின்ச் போல்ட் நான்கையும் பம்பர் போல்ட்டுகளையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். அதில் இரண்டு போல்ட் இன்னும் கால் சுற்று இறுகின.