கேரவனை நிறுத்தும்போது கையைக் காப்பது எப்படி?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேரவன் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் அடுப்பு, நாற்காலி, விளக்கு என்று பட்டியல் போடுவார்கள். கையுறை அதில் இருக்காது. குறைந்தது இரண்டு வகை வேண்டும்: இரும்பு வேலைக்குத் தடித்த தோல் கையுறை, கழிவுநீர் வேலைக்கு முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை. கழிவுக் குழாயைத் தொட்ட கையுறையோடு குடிநீர்க் குழாயையும் மாட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கையுறை யாரைக் காப்பாற்றுகிறது?

வண்டியை விட்டு இறங்கியதும் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். கோயில் கயிற்றைக் கழற்ற மனமில்லையென்றால் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளலாம். மோதிரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கொக்கியில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

முதல் வேலை, சக்கரம். ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி முழுதாக நின்ற பிறகு டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். காரின் பின்னால் இழுத்து வந்த கேரவன் என்றால், கட்டை கொடுத்த பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

அடுத்தது ஜாக்கி. கோவளம் பக்கத்து மணலில் ஜாக்கியை நேராக ஊன்றினால் புதைந்துவிடும். அடியில் அகலமான பலகை வையுங்கள். பலகையை ஓரத்தில் பிடித்து வைத்துவிட்டு, கையை எடுத்த பிறகு கைப்பிடியைச் சுற்றுங்கள். மூலைகளில் இருக்கும் ஜாக்கிகள் வண்டி ஆடாமல் நிற்கத்தான், வண்டியைத் தூக்க அல்ல. மே மாத நண்பகலில் இரும்புக் கைப்பிடி தோலைப் பொசுக்கும். தோல் கையுறை இங்கேதான் காசுக்கு உழைக்கிறது.

மின்சாரத்துக்கு வரும்போது அதே கையுறையை நம்பாதீர்கள். வியர்வையில் நனைந்த தோல் 230 வோல்ட்டைத் தடுக்காது. கையைத் துடைத்துக்கொண்டு, மெயினை அணைத்து, பிளக்கைச் செருகிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும், அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுருட்டிய வயரை முழுதாகப் பிரித்துவிடுங்கள், சுருளிலேயே விட்டால் சூடேறும்.

குடிநீர்க் குழாயை முதலில் மாட்டுங்கள், கழிவுக் குழாயைக் கடைசியில்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ரெகுலேட்டர் இணைப்பில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் வால்வை மூடி, கதவைத் திறந்து வெளியேறி, எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள். உள்ளே எந்தச் சுவிட்சையும் தொட வேண்டாம்.

வெயில் மறைப்பை விரிக்க இரண்டு பேர் தேவை. மறைப்பைத் தாங்கும் மடக்குக் கைகளின் மூட்டுதான் விரலைக் கடிக்கும் இடம். கம்பியின் நடுவில் பிடியுங்கள். கோடையில் பகலில் கடற்காற்று எழும்பும். அதற்கு முன்பே விரித்துக் கட்டிவிடுங்கள், காற்று பலமானால் தயங்காமல் சுருட்டிவிடுங்கள். முளை அடிக்கும்போது அதை விரலால் பிடிக்காமல் குறட்டால் பிடியுங்கள்.

கழிவு வேலை முடிந்ததும் ரப்பர் கையுறையை உள்புறம் வெளியே வரும்படி உரித்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தோல் கையுறையை நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் போட்டால் விறைத்துவிடும்.