இறங்குவதற்கு மூன்று நிமிடம் முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள்

சேருமிடம் வர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போதே காரின் ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, புளோயரை, அதாவது காற்றை வீசும் விசிறியை, ஓடவிடுங்கள். கம்ப்ரசர் நின்றுவிடும், ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில் உடனே சூடாகிவிடாது. உறைநிலைக்குச் சற்று மேலே குளிர்ந்து கிடக்கும் அதன் அலுமினியத் தகடுகளும், அவற்றில் முத்து முத்தாக ஒட்டியிருக்கும் நீரும் உள்ளே வரும் காற்றிலிருந்து இன்னும் கொஞ்ச நேரம் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். எப்படியும் வீணாகப்போகிற குளிர்ச்சி அது. எரிபொருள் செலவில்லாமல் உங்களுக்குக் கிடைக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் லாபம் வேறு. அந்த ஈரத்தோடு வண்டியைப் பூட்டி வைப்பதால்தான் காயிலில் பூஞ்சை பிடித்து, மறுநாள் ஏசி போட்டதும் நனைந்த துணி வாடை அடிக்கிறது. கடைசி சில நிமிடக் காற்று அந்த ஈரத்தை ஓரளவு உலர்த்திவிடும். புளோயரைச் சற்று வேகமாக வைத்தால் இன்னும் நல்லது.

மழை நேரத்தில் மட்டும் இதைச் செய்யவே வேண்டாம். காயிலில் இருக்கும் ஈரம் ஆவியாகி உள்ளேயே திரும்பி, முன்கண்ணாடியில் சட்டென்று பனி படர்ந்துவிடும், பாதை தெரியாது. ஐந்து நிமிடப் பயணத்திலும் பலனில்லை, காயில் முழுதாகக் குளிர்ந்திருக்காது. வாடை ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் முதலில் காயிலைச் சுத்தம் செய்து கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். வண்டியை நிறுத்திய பிறகு தானே புளோயரை ஓட்டிக் காயிலை உலர்த்தும் வசதி சில புதிய கார்களில் உண்டு.