புடு சந்தையில் கான்டனீஸ்

சீன மொழிகளில் ஒன்றான கான்டனீஸ் பழக நினைக்கும் நம்மவர்கள் கோலாலம்பூரில் புடு சந்தையிலிருந்தே தொடங்கலாம். நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள்: பேச்சு, எழுத்து. இரட்டை வழக்கு தமிழருக்குப் புதிதா என்ன?

‘பார்’ என்பது பேச்சில் ‘தை’, எழுத்தில் ‘ஹோன்’. ‘அவர்’ பேச்சில் ‘கொய்’, எழுத்தில் ‘தா’. எழுத்துச் சொல்லை மீன்காரரிடம் அவிழ்த்துவிட்டால், மேடைப் பேச்சாளர் கத்தரிக்காய்க்கு விலை கேட்பதுபோல் இருக்கும்.

ஹாங்காங் நாடகங்கள் நல்ல வாத்தியார். காதில் விழுவது பேச்சு; திரையடியில் ஓடும் வரி பெரும்பாலும் எழுத்து நடை. காட்சியை நிறுத்தி இரண்டையும் குறியுங்கள். தொனிகள், அதாவது பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், 6; தமிழ் எழுத்து அவற்றைக் காட்டாது, ஆகவே தொனியின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: தை 2, ஹோன் 3.

சந்தைக்கு இங்கே ‘பாசாட்’, மலாய் வரவு. ஹாங்காங்கில் ‘காய் சீ’. இத்தகைய சொற்களுக்கு மூன்றாவது பத்தி போடுங்கள்.